பட்ஜெட் போடுறது அவிசுவாசமா? கடன்ல இருக்கும்போது தசமபாகம் குடுக்கலாமா?

கோதுமைமணி (கேள்வி)

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ரொம்ப நாளா இங்க வந்து படிச்சிட்டுப் போறவன்தான், எழுதுறது இதான் முதல் தடவை, கொஞ்சம் நீளமாப் போனா பொறுத்துக்கங்க.

கல்யாணம் ஆகி நாலு வருஷம், ஒரு பிள்ளை. சம்பளம் வந்த அன்னிக்கே பத்துல ஒண்ணு எடுத்து தனியா வச்சிடுவேன், அது எங்க அப்பா கத்துக்குடுத்த பழக்கம், ஒரு மாசம்கூட விட்டதில்ல. அதுக்கப்புறம் வாடகை, இஎம்ஐ, அம்மா அப்பாவுக்கு அனுப்புறதுன்னு போயிடும், 20ஆம் தேதி வாக்குல கையில ஒண்ணும் மிஞ்சாது, மிச்ச நாளை கிரெடிட் கார்டுலதான் ஓட்டுறோம். ரெண்டு கார்டு இருக்கு. ஒரு வருஷமா ரெண்டுலயும் மினிமம் டியூ மட்டும் கட்டிட்டு வரேன், மொத்தம் எவ்வளவு ஆச்சுன்னு கூட்டிப் பாக்கவே பயம், பில் மெயில் வந்தா திறக்காமலே விட்டுடுவேன்.

போன சனிக்கிழமை ராத்திரி பிள்ளை தூங்கினப்புறம் என் மனைவி அந்த பில்லை பிரிண்ட் எடுத்துட்டு வந்து டேபிள்ல வச்சா. வட்டின்னு போட்டிருக்குற வரி மேல விரலை வச்சு, "நாம கட்டினதுல பாதிக்கு மேல இதுக்கே போயிருக்கு பாருங்க"ன்னு சொன்னா. கோபமா சொல்லல. பக்கத்துலயே மறுநாள் சபைக்குக் கொண்டுபோக நான் ரெடி பண்ணி வச்சிருந்த காணிக்கைக் கவர் இருந்துச்சு. அதையும் பாத்துட்டு, "இதுல இருக்குறது யாரோட காசு?"ன்னு கேட்டா. எனக்கு பதில் வரல, இன்னிக்கு வரைக்கும் வரல.

சபையில ரொம்ப மரியாதையான ஒரு அண்ணன்கிட்ட இதைச் சொன்னேன். "கணக்குப் பாத்துப் பாத்து வாழறதுக்குப் பேரு விசுவாசம் இல்ல தம்பி, நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள்னுதானே ஆண்டவர் சொன்னாரு, நீ குடுக்குறத மட்டும் நிறுத்தாத, மத்தத அவர் பாத்துக்குவார்"ன்னாரு. அன்பாத்தான் சொன்னாரு. ஆனா வீட்டுக்கு வந்தா அந்த பில் அங்கேயேதான் இருக்கு.

வரவு செலவு எழுதி, பட்ஜெட் போட்டு வாழறது விசுவாசக் குறைச்சலா? கடன் இருக்கும்போது தசமபாகம் குடுக்குறது சரியா தப்பா? கொஞ்சம் சேமிக்கலாம்னு நினைச்சாலே லூக்கா 12ல வர்ற அந்த ஐசுவரியவான் ஞாபகம்தான் வருது, களஞ்சியத்தை இடிச்சுப் பெருசாக் கட்டணும்னு நினைச்சவன், "மதிகேடனே"ன்னு பேர் வாங்கினவன். அனுபவம் இருக்குறவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

அதிகாலை

தம்பி, முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், உங்க வீட்டம்மா கேட்ட கேள்வி உங்களைக் குத்திக்காட்டக் கேட்டது இல்ல, பாரத்தைச் சேர்ந்து தூக்கலாம்னு கேட்டது. பில்லைத் திறக்காம இருந்த அந்த ஒரு வருஷமும் நீங்க தனியா பயந்துட்டு இருந்திருக்கீங்க. இனிமே ரெண்டு பேரா பாருங்க. இன்னிக்கு ராத்திரியே ரெண்டு பேரும் கைகோர்த்து ஜெபம் பண்ணிட்டு அந்தப் பேப்பரைத் திறங்க. மத்த விவரத்தை இங்க இருக்குற கணக்குத் தெரிஞ்சவங்க சொல்வாங்க, நான் உங்க ரெண்டு பேருக்காகவும் ஜெபிக்கிறேன்.

பேரேடு

பிரதர், நான் கணக்கு எழுதியே பிழைக்கிறவன், எங்க சபையோட வரவு செலவையும் பல வருஷமா நான்தான் பாக்குறேன், அதனால இந்தக் கேள்வி எனக்கு மனசுக்கு ரொம்ப நெருக்கமானது, கொஞ்சம் விரிவாவே எழுதறேன்.

"கவலைப்படாதிருங்கள்"னு சொன்ன அதே ஆண்டவர்தான் லூக்கா 14:28ல கோபுரம் கட்ட நினைக்கிறவன் "முன்பு உட்கார்ந்து செல்லுஞ்செலவைக் கணக்குப்பாராமலிருப்பானோ"ன்னு கேக்குறாரு. அந்த இடத்துல அவர் பேசுறது சீஷனா வர்றதுக்கு ஆகுற விலையைப் பத்தி, வீட்டு பட்ஜெட்டைப் பத்தி இல்ல, அது எனக்குத் தெரியும். ஆனா உதாரணத்துக்கு அவர் எடுத்தது புத்தியுள்ளவன் எவனும் செய்யுற ஒரு காரியத்தை. கணக்குப் பாக்குறது விசுவாசத்துக்கு எதிரா இருந்தா அதை உதாரணமா எடுத்திருப்பாரா? கவலைப்படாதேங்குறது வேற, கணக்குப் பாக்காதேங்குறது வேற. என் அனுபவத்துல கணக்குப் பாக்காதவங்கதான் ராத்திரி தூக்கம் வராம கவலைப்படுறாங்க.

வேதத்துல நமக்குக் குடுத்திருக்குற பேரே உக்கிராணக்காரன். 1 கொரிந்தியர் 4:2, "உக்கிராணக்காரன் உண்மையுள்ளவனென்று காணப்படுவது அவனுக்கு அவசியமாம்." உக்கிராணக்காரன்னா சரக்கறையோட சாவி கையில இருக்குறவன், சரக்கு எஜமானோடது. உள்ள என்ன இருக்கு, எவ்வளவு வெளிய போச்சுன்னு தெரியாத ஒருத்தனை யாராவது உண்மையுள்ள உக்கிராணக்காரன்னு சொல்வாங்களா? தாலந்து உவமையை எடுத்துக்கங்க, எஜமான் ஊருக்குப் போகும்போது வேலைக்காரங்க கையில தன் பணத்தை ஒப்படைச்சிட்டு, திரும்பி வந்து கணக்குக் கேக்குற கதை. ஒரு தாலந்துன்னா 6000 வெள்ளிப் பணம், ஒரு பணம்னா ஒரு ஆளுக்கு ஒரு நாள் கூலி (மத்தேயு 20ல திராட்சத்தோட்டத்து வேலைக்காரங்களுக்குப் பேசினது அதான்), அப்ப ஒரே ஒரு தாலந்து வாங்கினவன் கையிலகூட கிட்டத்தட்ட 20 வருஷக் கூலி இருந்துச்சு. அஞ்சு தாலந்து வாங்கினவனைப் பாத்து எஜமான் "கொஞ்சத்திலே உண்மையாயிருந்தாய்"னு சொல்றாரு! அவ்வளவு பெரிய தொகையையே அவர் கொஞ்சம்னு சொல்றாரு, உண்மையா இருந்தியான்னுதான் பாக்குறாரு. நம்ம சம்பளம் சின்னதா பெருசான்னு நாமதான் பொழுதன்னைக்கும் பேசிட்டு இருக்கோம்.

விசுவாச வீரர்னா நம்ம பிரசங்கங்கள்ல அடிக்கடி வர்ற பேரு ஜார்ஜ் முல்லர், பிரிஸ்டல்ல 1836ல அனாதைப் பிள்ளைகளுக்கு வீடு திறந்தவரு, வாழ்நாள்ல சுமார் 10,000 பிள்ளைகளைப் பராமரிச்சவரு, மனுஷங்ககிட்ட கேக்காம ஜெபத்துலயே நடத்தினாருன்னு சொல்வோம். அதே முல்லர் காணிக்கை குடுத்த ஒவ்வொருத்தருக்கும் ரசீது குடுத்தாரு, வருஷா வருஷம் வரவு செலவை அச்சடிச்சு வெளியிட்டாரு, ஊழியத்துக்காகக் கடன் வாங்குறதில்லன்னு ஆரம்பத்துலயே முடிவு பண்ணி அதுல உறுதியா நின்னாரு. இந்தப் பாதியை யாரும் மேடையில சொல்றதில்ல, எனக்கு அதுல வருத்தம் உண்டு. பவுலும் எருசலேம் பரிசுத்தவான்களுக்கான பணத்தைத் தனியா தூக்கிட்டுப் போகல, ஒருத்தனும் குற்றப்படுத்தாதபடிக்குக் கூட ஆளை அனுப்புறாரு, 2 கொரிந்தியர் 8:20, 21 படிச்சுப் பாருங்க.

இப்ப அந்த மினிமம் டியூவுக்கு வரேன். 100 பாக்கி இருக்குன்னு வச்சுக்கங்க, மாசத்துக்கு 3 சதவீதம் வட்டி, மினிமம் டியூ 5 சதவீதம். நீங்க 5 கட்டுறீங்க, 3 வட்டிக்குப் போயிடுது, அசல்ல கழியுறது 2தான். புதுசா ஒண்ணுமே வாங்காம இப்படியே ஒரு வருஷம் ஒழுங்காக் கட்டினாக்கூட மொத்தம் கிட்டத்தட்ட 54 கட்டியிருப்பீங்க, பாக்கி இன்னும் 78க்கு மேல நிக்கும். நீங்க 20ஆம் தேதிக்கு மேல அதுலயே புதுசா வேற வாங்குறீங்க, அதனால பாக்கி இறங்கவே இறங்காது, ஏறத்தான் செய்யும். "கடன்வாங்கினவன் கடன்கொடுத்தவனுக்கு அடிமை"ன்னு நீதிமொழிகள் 22:7 சொல்றது இந்த வரியைத்தான், உங்க மனைவி விரல் வச்ச அதே வரி.

அதனால முதல் வேலை கார்டு ரெண்டையும் பர்ஸ்லேர்ந்து எடுத்துடுங்க, ஆன்லைன்ல சேவ் பண்ணி வச்சிருக்குற நம்பரையும் அழிங்க. மூணு மாச ஸ்டேட்மென்ட்டை எடுத்து வரி வரியாப் பாருங்க, எதையும் குறைக்கணும்னு இப்பவே யோசிக்காதீங்க, வெறுமனே பாருங்க. நாம நினைச்சுட்டு இருக்குற செலவு ஒண்ணு, நிஜமா ஆன செலவு ஒண்ணுன்னு இருக்கும். அப்புறம் வட்டி எதுல அதிகமோ அந்தக் கடனுக்கு கையில மிஞ்சுறதை எல்லாம் போடுங்க, மத்ததுக்கு மினிமம் டியூ தவறாமக் கட்டுங்க. சிலர் சின்ன பாக்கியை முதல்ல முடிக்கச் சொல்வாங்க, ஒண்ணு முடிஞ்சா மனசுக்கு ஒரு தெம்பு வரும்னு. கணக்குப்படி அதிக வட்டிதான் முதல்ல, ஆனா எது உங்களை விடாம கட்ட வைக்கும்னு உங்களுக்குத்தான் தெரியும்.

நாலாம்_ஜாமம்

பேரேடு அண்ணா சொன்ன கணக்கு எல்லாம் சரி, நான் மறுக்கல. ஆனா தசமபாக விஷயத்துல எல்லாரும் ரொம்ப சீக்கிரமா "முதல்ல கடன் முடி, அப்புறம் குடு"ன்னு சொல்லிடுவாங்களோன்னு பயமா இருக்கு, அதனால எழுதறேன். நானும் கடன்ல இருந்தவன்தான், அப்ப குடுக்குறதை சுத்தமா நிறுத்தினேன், ஆறு மாசத்துல முடிச்சிட்டு ஆரம்பிக்கலாம்னு. கடன் ரெண்டு வருஷத்துல முடிஞ்சுது, குடுக்குற கை திரும்ப நீள அதுக்கப்புறமும் ரொம்ப நாள் ஆச்சு. மனசு இறுகிப் போயிருந்துச்சு. சாறிபாத் விதவைகிட்ட இருந்தது ஒரு பிடி மாவு, கலயத்துல கொஞ்சம் எண்ணெய், அவ்வளவுதான், அதுலதான் எலியா தீர்க்கதரிசி முதல்ல தனக்கு அடை பண்ணிட்டு வரச் சொல்றாரு. ஏழை விதவையோட ரெண்டு காசை ஆண்டவர் உட்கார்ந்து பாத்துட்டு இருந்தாரு. இதெல்லாம் வேதத்துல சும்மா எழுதி வைக்கல. குறைச்சுக் குடுங்க, வேணும்னா ரொம்பக் குறைச்சு, ஆனா பூஜ்யம் ஆக்கிடாதீங்க பிரதர்.

பேரேடு

நாலாம் ஜாமம் பிரதர் சொல்றதுல நியாயம் இருக்கு, அந்த மனசு இறுகுறதை நானும் பலர்கிட்ட பாத்திருக்கேன். நான் சேர்த்துச் சொல்றது ஒண்ணுதான், அந்த விதவைகள் ரெண்டு பேரும் குடுத்தது அவங்க கையில இருந்ததை. 2 கொரிந்தியர் 8:12, "அவனுக்கு இல்லாததின்படியல்ல, அவனுக்கு உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும்." மாசக் கடைசியில கார்டைத் தேய்ச்சு வாழ்ந்துட்டு மாசத் தொடக்கத்துல பத்துல ஒண்ணு குடுக்கும்போது, அது உள்ளதின்படி குடுக்குறதா இல்லாததின்படி குடுக்குறதாங்குறதைத்தான் அந்தச் சகோதரி கேட்டிருக்காங்க. எத்தனை சதவீதம்னு நான் சொல்ல மாட்டேன், அடுத்த அதிகாரத்துலயே "அவனவன் தன் மனதில் நியமித்தபடியே"ன்னு இருக்கு. கோதுமைமணி பிரதர், நீங்களும் மனைவியும் சேர்ந்து நியமிங்க, உங்க பாஸ்டர்கிட்டயும் மறைக்காமச் சொல்லுங்க.

மீதியான_துணிக்கை

நான் ரெண்டு விஷயம் சொல்லணும். முதல்ல அந்த களஞ்சியக்காரன் பயம். எனக்கும் அது வருஷக்கணக்கா இருந்துச்சு, சேர்த்து வச்சா பாவம்னு நினைச்சு நினைச்சு ஒண்ணும் சேர்க்காம, ஒரு ஆஸ்பத்திரி செலவு வந்தப்ப பதினஞ்சு பேர்கிட்ட கை நீட்டினோம். அதுக்கப்புறம்தான் யாத்திராகமம் 16ஐ நிதானமாப் படிச்சேன். வனாந்தரத்துல இஸ்ரவேல் ஜனங்களுக்கு வானத்துலேர்ந்து வந்த சாப்பாடான மன்னாவைக் காலைமட்டும் மிச்சம் வைக்காதேன்னு சொல்லியும் சிலர் வச்சாங்க, பூச்சி பிடிச்சு நாறிப்போச்சு. அதே மன்னாவை ஆறாம் நாள்ல ரெட்டிப்பாச் சேர்த்து ஓய்வுநாளுக்கு எடுத்து வச்சப்ப நாறல, பூச்சி பிடிக்கல. ஒரே மன்னா, ஒரே ஜனங்க, ஒரே பாத்திரம். பயத்துல பதுக்கினது ஒண்ணு, சொல்லுக்குக் கீழ்ப்படிஞ்சு எடுத்து வச்சது ஒண்ணு. யோசேப்பும் ஏழு வருஷ விளைச்சல்ல அஞ்சுல ஒரு பங்கை எடுத்து வைக்கணும்னுதான் பார்வோனுக்கு ஆலோசனை சொல்றாரு, பஞ்சம் வந்தப்ப அதுதான் எத்தனை ஜனங்களோட உயிரைக் காப்பாத்துச்சு. லூக்கா 12ல அந்த மனுஷன் பேசுறதைக் கவனிச்சுப் பாருங்க, என் களஞ்சியம், என் தானியம், என் ஆத்துமா, ஒரு வரியில்கூட வேற ஒரு மனுஷன் வரல. கடைசியில ஆண்டவரே காரணம் சொல்லிடறாரு, "தேவனிடத்தில் ஐசுவரியவானாயிராமல் தனக்காகவே பொக்கிஷஞ்சேர்க்கிறவன்"னு. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தா கார்டைத் தேடாம இருக்கணும்னு ஒரு சின்னத் தொகையை எடுத்து வைக்கிறது அந்தக் கணக்குல வராது தம்பி. முதல்ல ஒரு மாசச் செலவு அளவுக்குச் சேருங்க, கடன் முடிஞ்சப்புறம் மூணு மாசம் ஆறு மாசம்னு ஏத்திக்கலாம்.

என்னோட பேரைப் பாத்துருப்பீங்க, அது யோவான் 6:12லேர்ந்து எடுத்தது. அஞ்சாயிரம் பேருக்கு அப்பத்தைப் பெருக்கினவரு, இன்னும் எவ்வளவு வேணும்னாலும் பெருக்கக்கூடியவரு, ஒண்ணும் சேதமாப் போகாதபடிக்கு மீதியான துணிக்கைகளைச் சேர்த்து வைங்கன்னு சொல்றாரு. அற்புதம் நடந்த அதே புல்தரையில நின்னுட்டு சொல்றாரு! அந்த வசனம்தான் எங்க வீட்டுல கணக்கு நோட்டு வாங்க வச்சது.

ரெண்டாவது விஷயம், யாருக்காவது ஜாமீன் கையெழுத்து போட்டிருந்தா அதையும் கடன் பட்டியல்ல எழுதுங்க. கூட ஜெபிச்ச ஒருத்தருக்காக என் வீட்டுக்காரர் கையெழுத்து போட்டாரு, மாட்டேன்னு சொன்னா அன்பில்லைன்னு ஆயிடுமேன்னு. மூணு வருஷம் நாங்க கட்டினோம். பணம் போனதைவிட ஒரே பெஞ்சுல உக்காந்து ஆராதிக்க முடியாம முகத்தைத் திருப்பிட்டுப் போனோம் பாருங்க, அதுதான் பெரிய நஷ்டம். நீதிமொழிகள் 6ல பிணைப்பட்டவன் வேடன் கைக்குத் தப்புற வெளிமானைப் போல தப்பிக்கோன்னு எழுதியிருக்கு, அதை நாங்க அதுக்கு முன்னாடி எத்தனை தடவை வாசிச்சிருப்போம். உதவணும்னா கையில இருக்குறதைத் திரும்பி வராதுன்னு நினைச்சே குடுத்துடுங்க, கையெழுத்து வேண்டாம்.

கோதுமைமணி

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. அதிகாலை அக்கா சொன்ன மாதிரி அன்னிக்கு ராத்திரியே ரெண்டு பேரும் ஜெபிச்சிட்டு உக்காந்தோம், முடிக்கும்போது மணி ஒண்ணரை. மூணு மாச ஸ்டேட்மென்ட், ரெண்டு கலர் பேனா. தேவையான செலவுக்கு நீலம், ஞாபகமே வராத செலவுக்குச் சிவப்பு. முதல் பக்கம் முடியும்போதே சிவப்பு எவ்வளவுன்னு பாத்து ரெண்டு பேருக்கும் பேச்சு வரல. மாசாமாசம் தானா கழியுற சந்தா மட்டும் நாலு, அதுல ரெண்டு எதுக்குன்னே தெரியல, ரெண்டு பேரும் ஆளுக்கொண்ணு திறந்து ஒரே விஷயத்துக்குக் கட்டிட்டு இருந்த ஒண்ணும் இருந்துச்சு. சந்தா முழுசா நிறுத்தியாச்சு.

கடன் மொத்தத்தைக் கூட்டினேன். நான் பயந்ததைவிடக் கொஞ்சம் கம்மிதான். ஒரு வருஷமா பாக்காம இருந்த அந்த நம்பரை நோட்டுல எழுதினப்ப அழுகையே வந்துடுச்சு.

காணிக்கை விஷயமா பாஸ்டர்கிட்ட போனேன், அவர் கோவிச்சுக்குவாருன்னு நினைச்சேன். அவர் 2 இராஜாக்கள் 4ஐ எடுத்து வாசிச்சாரு, கடன்ல தவிச்ச ஒரு விதவை வீட்டுல எண்ணெய் அற்புதமா பெருகினப்புறம் எலிசா தீர்க்கதரிசி அவகிட்ட சொல்றது, "அந்த எண்ணெயை விற்று, உன் கடனைத் தீர்த்து, மீந்ததைக்கொண்டு நீயும் உன் பிள்ளைகளும் ஜீவனம்பண்ணுங்கள்". அற்புதமா வந்த எண்ணெய், அதையும் வித்துக் கடனை அடைன்னுதான் தீர்க்கதரிசி சொல்றாருன்னு சொன்னாரு. இப்போதைக்கு நானும் மனைவியும் ஒரு அளவு நியமிச்சிருக்கோம், பத்துல ஒண்ணைவிடக் கம்மி, ஆனா வாராவாரம் எடுத்து வைக்கிறோம், 1 கொரிந்தியர் 16:2ல இருக்குற மாதிரி வரவுக்குத் தக்கதா. சிவப்புல மிச்சமாகுறது முழுக்க கார்டுக்கு. அம்மா அப்பாவுக்கு அனுப்புறதைக் குறைக்கலாமான்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன், என் மனைவிதான் மாற்கு 7ல இருக்குற கொர்பான் வசனத்தை, அதாவது காணிக்கைன்னு சொல்லி அப்பா அம்மாவுக்குச் செய்யாம விடுறதை ஆண்டவர் கண்டிக்கிற இடத்தைக் காட்டி அதைத் தொடவே கூடாதுன்னுட்டா.

பேரேடு அண்ணா, ஒரு சந்தேகம். கார்டு பில் 12ஆம் தேதி கட்டணும், சம்பளம் 1ஆம் தேதியே வந்துடுது, நடுவுல அந்தப் பணம் கரைஞ்சுடுது. ரெண்டுல ஒரு கார்டை உடனே கேன்சல் பண்ணிடட்டுமா?

பேரேடு

12 வரைக்கும் காத்திருக்காதீங்க, சம்பளம் வந்த அன்னிக்கே, காணிக்கை எடுத்து வைக்கிற அதே கையோட கார்டுக்கும் கட்டிடுங்க, முன்கூட்டியே கட்டுறதுக்கு எந்தத் தடையும் இல்ல, பாக்கி மேல வட்டி நாள் கணக்குலதான் ஓடும், அதனால அந்த 11 நாள் வட்டியும் மிச்சம். மினிமம் டியூவுக்கு மட்டும் ஆட்டோ டெபிட் போட்டு வைங்க, மறந்து போனா லேட் ஃபீஸ் விழாம இருக்க, நீங்க முன்னாடியே கட்டினது அதுல எப்படிக் கணக்காகும்னு மட்டும் கஸ்டமர் கேர்ல ஒரு தடவை கேட்டுக்கங்க. கேன்சல் பண்றது பாக்கி முழுசா முடிஞ்சப்புறம்தான், முடிச்சதும் பாக்கி இல்லன்னு எழுத்துல வாங்கி அந்த நோட்டுலயே ஒட்டி வைங்க. முதல் கார்டு முடிஞ்ச அன்னிக்கு இங்க வந்து எழுதுங்க பிரதர், நாங்க எல்லாரும் காத்துட்டு இருப்போம்.